துரு தாங்கும் கோதுமையில் துரு வருவது ஏன்?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம். உருளைக்கிழங்கும் பூண்டும்தான் பிரதானம். அரை ஏக்கரில் வீட்டுக்கும் கொஞ்சம் விற்பனைக்குமாகக் கோதுமை போடுகிறோம். "துரு நோய் தாங்கும் ரகம்" என்று சொல்லிக் கொடுத்த ரொட்டிக் கோதுமை விதையைச் சில வருடங்களாகப் பயிர் செய்கிறேன். ஒவ்வொரு அறுவடையிலும் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பேன். ஆரம்பத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. இந்த முறை இலையெல்லாம் காவிப் பொடி. வயலில் நடந்தால் வேட்டியில் ஒட்டுகிறது. சொந்த விதையையே திரும்பத் திரும்பப் போட்டதால் அதன் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா? பக்கத்து வயலில் பெரியப்பா போட்டிருக்கும் பழைய சம்பா கோதுமையில் தாக்குதல் மிகக் குறைவாக இருக்கிறதே, அது எப்படி? இரண்டையும் கலந்து நானே ஒரு ரகம் உண்டாக்க முடியுமா? வேளாண் கல்லூரியில் படிக்கும் என் மகளும் பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.

— ஒரு விவசாயி, கொடைக்கானல் மேல்மலை

பதில்: அன்புள்ள நண்பருக்கு, உங்கள் விதை கெடவில்லை. நீங்கள் விதை எடுத்து வைத்த முறையிலும் தவறில்லை. உங்கள் கோதுமை முதல் வருடம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. மாறியிருப்பது துருப் பூஞ்சாணம். மகளும் இந்தப் பதிலை வாசிக்கப்போகிறாள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோதுமை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். பூ விரிவதற்கு முன்பே பெரும்பாலும் சூல் பிடித்துவிடும். அயல் மகரந்தம் கலப்பது நூறு பூவுக்கு ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம். தாய்ச்செடியில் உள்ள மரபணு சேய்ச்செடிக்கு முழுதாக இறங்குகிறது; தலைமுறைக்குத் தலைமுறை அது நீர்த்துப்போவதில்லை. களத்தில் வேறு ரகத்து மணி கலந்துவிட்டால் வயலில் ஒன்றிரண்டு மாற்றுச் செடிகள் தெரியும், அவ்வளவுதான். அப்படிக் கலந்திருந்தால் அந்தச் செடிகளில் மட்டும் துரு வந்திருக்கும். வயல் முழுவதும் ஒரே சீராக வந்திருப்பதே காரணம் வேறு என்பதற்குச் சாட்சி.

நோய் தாங்கும் தன்மை மரபணு வழியாகக் கணக்குப் பிசகாமல் இறங்குகிறது என்பதை முதன்முதலில் காட்டியது கோதுமையின் துரு நோய்தான். மெண்டலின் பட்டாணி ஆராய்ச்சியை உலகம் மீண்டும் கண்டுகொண்டது 1900-இல். ஐந்தே ஆண்டுகளில், 1905-இல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபென் என்ற பயிர் விஞ்ஞானி மஞ்சள் துரு தாங்கும் கோதுமையையும் தாங்காத கோதுமையையும் கலந்து அதன் முடிவை வெளியிட்டார். முதல் தலைமுறைச் செடிகள் எல்லாமே துருப்பிடித்தன. அவற்றின் விதையை விதைத்தபோது இரண்டாம் தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செடிகள் சுத்தமாக நின்றன. எதிர்ப்புத் தன்மை தொலைந்துபோகவில்லை; ஒரு தலைமுறை ஒடுங்கியிருந்து மறு தலைமுறையில் வெளிப்பட்டது. பிஃபென் பார்த்தது ஒடுங்கு மரபணு. பின்னால் கண்டறியப்பட்ட எதிர்ப்பு மரபணுக்களில் பல ஓங்கு தன்மை கொண்டவை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், செடி தாங்கும். கணக்கு எப்படியிருந்தாலும் அடிப்படை ஒன்றே: எதிர்ப்புத் தன்மையை ஒரு ரகத்திலிருந்து எடுத்து இன்னொரு ரகத்தில் சேர்க்கலாம். பிஃபென் அப்படிச் சேர்த்து 1910-இல் வெளியிட்ட 'லிட்டில் ஜாஸ்' ரகம் பல பத்தாண்டுகள் இங்கிலாந்து வயல்களில் நின்றது.

பிறகு ஏன் உங்கள் வயலில் துரு வந்தது? ஒரு எதிர்ப்பு மரபணு வேலை செய்யும் விதத்தில்தான் விடை இருக்கிறது. அது ஒரே ஒரு திருடனின் முகத்தை மட்டும் அறிந்த காவலாளி. பூஞ்சாணம் இலைக்குள் நுழையும்போது சில புரதங்களைச் செலுத்துகிறது. அவற்றில் குறிப்பிட்ட ஒன்றை அடையாளம் கண்டதும் செடி தன் திசுக்களில் அந்த இடத்தை மட்டும் தானே சாகடித்துவிடும். உயிருள்ள திசுவை மட்டுமே தின்று வாழும் துரு, அங்கே பட்டினியாகி மடியும். நாம் பார்ப்பது ஊசிமுனை அளவு வெளிறிய புள்ளி மட்டும். அந்தப் புரதம் கொஞ்சம் மாறிவிட்டாலோ, பூஞ்சாணம் அதை இழந்துவிட்டாலோ காவலாளிக்கு ஆள் தெரியாது. அவர் வாசலிலேயே நிற்பார். திருடன் உள்ளே போய்விடுவான்.

செடியின் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் ஈடாகப் பூஞ்சாணத்திலும் ஒரு மரபணு உண்டு என்பதை அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஹரால்ட் ஃப்ளோர் 1940-களில் நிறுவினார். அவர் ஆராய்ந்தது ஆளிச் செடியின் துரு. செடியையும் கலந்தார், பூஞ்சாணத்தையும் கலந்தார், இரண்டு பக்கத்துக் கணக்கையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டினார். கோதுமைத் துருவுக்கும் அதே விதி பொருந்தியது.

பூஞ்சாணம் அப்படி மாறுவது அபூர்வம் என்று தோன்றலாம். ஒரு பேச்சுக்கு, பத்து லட்சம் வித்துகளில் ஒன்றுதான் மாறும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வேட்டியில் ஒட்டிய அந்தக் காவிப் பொடி முழுக்க வித்துகள்தான். ஒரு கொப்புளமே நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். துருப்பிடித்த வயல்களை எல்லாம் சேர்த்தால் கோடானு கோடி வித்துகள். அவற்றில் மாறிய ஒன்று, தடுக்க வேறு காவல் இல்லாத ரகத்தின் மேல் விழுந்தால் போதும். ஊரெல்லாம் அதே ரகம் இருந்தால் அந்த ஒரு வித்துக்கு ஊரே விருந்து.

இது ஏட்டுக் கணக்கு அன்று. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் 1995-இல் வெளியிட்ட பிபிடபிள்யூ 343 நல்ல விளைச்சல் தந்த ரகம். வடமேற்குச் சமவெளியில் லட்சக்கணக்கான ஹெக்டேரில் அது பரவியது. மஞ்சள் துருவுக்கு எதிராக அது பெரிதும் நம்பியிருந்தது ஒய்ஆர் 27 என்ற மரபணுவை. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அதை மீறும் துரு இனம் பஞ்சாபில் தலைகாட்டியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வட மாநிலங்களில் மஞ்சள் துரு பெரிய பிரச்சினையாகிவிட்டது. ரகத்தில் எதுவும் மாறவில்லை. பிற்பாடு அதே ரகத்தில் கோதுமையின் காட்டு உறவுகளிலிருந்து வந்த வேறு எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து 'உன்னத் பிபிடபிள்யூ 343' என்று வெளியிட்டார்கள்.

உகாண்டாவில் நடந்தது இன்னும் பெரியது. கம்புப்புல் எனப்படும் ரை பயிரின் குரோமோசோம் துண்டு ஒன்று கோதுமைக்குள் கொண்டுவரப்பட்டிருந்தது. அதில் தண்டுத் துருவைத் தடுக்கும் எஸ்ஆர் 31 என்ற மரபணு இருந்தது. அதே துண்டில் வேறு நல்ல குணங்களும் இருந்ததால் உலகெங்கும் ஏராளமான கோதுமை ரகங்களில் அது இடம்பிடித்தது. பல பத்தாண்டுகள் எந்தத் துரு இனமும் அதை மீறவில்லை. 1998-இல் உகாண்டாவில் எஸ்ஆர் 31 உள்ள செடிகளிலேயே தண்டுத் துரு தென்பட்டது. மறு ஆண்டில் அது புதிய இனம் என்று உறுதியாகி 'யுஜி 99' என்று பெயர் பெற்றது. கென்யா, எத்தியோப்பியா, சூடான், ஏமன், ஈரான் என்று அது நகர்ந்தது. 2006-இல் கென்யாவில் அதன் வாரிசு ஒன்று எஸ்ஆர் 24 என்ற இன்னொரு மரபணுவையும் மீறியது. பசுமைப் புரட்சிக் கோதுமைகளை உருவாக்கிய நார்மன் போர்லாக் தன் கிழ வயதிலும் உலக நாடுகளைத் தட்டி எழுப்பக் கிளம்பினார் என்றால், ஆபத்தின் அளவு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பெரியப்பாவின் சம்பா கோதுமைக்கு வருகிறேன். நாம் சம்பா என்பதை உலகம் எம்மர் என்கிறது. வடக்கே கப்ளி என்பார்கள். ரொட்டிக் கோதுமைக்கு 42 குரோமோசோம்கள், எம்மருக்கு 28. கப்ளியை உலகத் துரு ஆராய்ச்சியாளர்கள் நன்றாக அறிவார்கள். தண்டுத் துருவின் இனங்களைப் பிரித்தறிய அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஸ்டேக்மன் தேர்ந்தெடுத்த 12 கோதுமைகளில் கப்ளியும் ஒன்று. பல இனங்கள் தாக்கும்போதும் தாங்கி நின்றதுதான் அதன் சிறப்பு. எஸ்ஆர் 13, எஸ்ஆர் 14 என்று இன்று எண்ணிட்டு அழைக்கும் மரபணுக்கள் கப்ளியில் உள்ளவை. பெரியப்பாவின் விதை பரம்பரையாக வந்த நாட்டு விதை என்றால் இன்னொரு பலமும் இருக்கலாம். அத்தகைய விதைகளில் எல்லாச் செடியும் ஒரே அச்சாக இருப்பதில்லை. ஒன்றைத் தாக்கும் துரு அடுத்ததில் தடுமாறும். அதற்காகச் சம்பாவில் துருவே வராது என்று எண்ணிவிட வேண்டாம். அதிலும் வரும், மெதுவாக வரும்.

மெதுவாக வருவது என்பதை அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். நிலைத்து நின்ற எதிர்ப்புத் தன்மை பெரும்பாலும் அந்த வகைதான். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் எட்கர் மக்ஃபேடன் என்பவர் 1916-இல் யாரோஸ்லாவ் என்ற எம்மரை மார்க்விஸ் என்ற ரொட்டிக் கோதுமையோடு கலந்தார். குரோமோசோம் எண்ணிக்கையே பொருந்தாத கலப்பு அது. கிடைத்த விதைகள் மிகச் சில. விடாமல் வளர்த்து, தேர்ந்து, 1920-களில் 'ஹோப்' என்ற ரகத்தைக் கொண்டுவந்தார். எம்மரிலிருந்து ஹோப்புக்கு வந்த சொத்துகளில் முக்கியமானது எஸ்ஆர் 2. இதுவும் பிஃபென் கண்டதைப் போல ஒடுங்கு மரபணு. தாய், தந்தை இரு பக்கமும் வந்து சேர்ந்தால்தான் பலன். அது துருவை அடியோடு தடுப்பதில்லை; வளர்ந்த செடியில் கொப்புளங்களைக் குறைத்து, பரவும் வேகத்தைத் தணிக்கிறது. இது இருக்கும் செடியில் உமியிலும் கணுவுக்குக் கீழும் கருமை படர்வதுண்டு. 1944-இல் மெக்சிகோ சென்ற போர்லாக்கின் கோதுமைகளிலும் இந்த மரபணு புகுந்தது. நூறு ஆண்டுகளாக உலகம் முழுதும் பயிராகியும் எந்தத் துரு இனமும் இதை முழுதாக வென்றதில்லை.

எல்ஆர் 34 என்ற மரபணுவும் இதே குடும்பத்துக் குணம் கொண்டது. இலைத் துரு, மஞ்சள் துரு, தண்டுத் துரு, சாம்பல் நோய் ஆகிய நான்கையும் ஒருசேர மட்டுப்படுத்துகிறது. 2009-இல் அதைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, அது பூஞ்சாணத்தை அடையாளம் காணும் வகையே அன்று என்று தெரிந்தது. செல்லின் சவ்வு வழியே பொருள்களைக் கடத்தும் ஒரு புரதத்துக்கான மரபணு அது. ஏமாற்ற முகமே இல்லாததால் பூஞ்சாணத்தால் வேடம் மாற்றித் தப்ப முடியவில்லை. இந்த மரபணு உள்ள வளர்ந்த செடிகளில் இலை நுனி காய்வதுண்டு. அதை உரக்குறைவு என்று எண்ணி யூரியாவைக் கொட்டிவிடாதீர்கள். மிகுதியான தழைச்சத்து துருவுக்குத்தான் உதவும்.

நீங்களே சம்பாவையும் உங்கள் ரகத்தையும் கலக்கலாமா? ஆர்வத்தைப் பாராட்டுகிறேன், ஆனால் அதிலிருந்து உடனே ரகம் கிடைக்காது. 42-ம் 28-ம் கலந்தால் பிள்ளைக்கு 35 குரோமோசோம்கள். அவற்றில் 28 ஜோடி சேர்ந்துவிடும். மீதி 7 துணையில்லாமல் அலையும். பெரும்பாலான பூக்கள் மலடாகும். மக்ஃபேடன் போல் பல தலைமுறை உழைப்பு வேண்டும். மகள் கல்லூரியில் கற்றுக்கொண்டு ஒரு பாத்தியில் செய்து பார்க்கட்டும். பயிற்சியாக அது அருமையானது. வயலுக்கான ரகத்தை ஆராய்ச்சி நிலையத்திடமிருந்தே வாங்குங்கள்.

ஆராய்ச்சி நிலையங்கள் இப்போது செய்வது மரபணுக்களை அடுக்குவது. மேலே சொன்ன பேச்சுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு மரபணுவை மீற பத்து லட்சத்தில் ஒரு வித்து போதும். இரண்டு மரபணுக்களை ஒரே வித்து ஒரே நேரத்தில் மீற வேண்டுமானால் அது லட்சம் கோடியில் ஒன்று. மூன்றாவதும் சேர்ந்தால் பூஞ்சாணத்துக்கு வழி மிகவும் குறுகிவிடும். ஆனால் அடுக்குவது எளிதன்று. நான்கு மரபணுக்களும் இரு பக்கமும் நிலைபெற்ற செடி, இரண்டாம் தலைமுறையில் 256-க்கு ஒன்றுதான் கிடைக்கும். அதையும் கண்ணால் அறிய முடியாது. வலுவான ஒரு மரபணு துருவைத் தடுத்துவிட்டால் மற்ற மூன்றும் உள்ளே இருக்கின்றனவா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதனால்தான் நாற்றின் இலைத்துண்டிலிருந்து டிஎன்ஏ எடுத்து, மரபணுவை அடையாளம் காட்டும் மார்க்கர் வைத்துப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள்.

சில மரபணுக்கள் குரோமோசோமில் நெருங்கி அமர்ந்து சேர்ந்தே இறங்கும். இலைத் துருவுக்கான எல்ஆர் 24-ம் தண்டுத் துருவுக்கான எஸ்ஆர் 24-ம் உயரமான ஒரு காட்டுப்புல்லிலிருந்து ஒரே துண்டாகக் கோதுமைக்குள் வந்தவை. ஒன்றைத் தேர்ந்தால் மற்றது தானே வரும். இதே காரணத்தால் வேண்டாததும் ஒட்டிக்கொள்வதுண்டு. எஸ்ஆர் 31-ஐச் சுமந்த ரைத் துண்டு மாவின் பிசுபிசுப்பைக் கூட்டி ரொட்டியின் தரத்தைக் கெடுத்தது. கெட்டதைக் கத்தரித்து நல்லதை மட்டும் இறக்குவதற்கே பல ஆண்டுகள் ஆகும்.

உங்கள் மலைக்கென்றே இப்படி உருவான ரகம் இருக்கிறது. நீலகிரி வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் உருவாக்கிய எச்டபிள்யூ 5207-இல் எல்ஆர் 24, எஸ்ஆர் 24 துண்டோடு ஒய்ஆர் 15-ம் சேர்ந்திருக்கிறது. ஒய்ஆர் 15 காட்டு எம்மரின் கொடை. காட்டு எம்மர் என்ற இனத்தை 1906-இல் கலிலேயா மலைச்சரிவில் கண்டெடுத்தவர் ஆரோன் ஆரோன்சோன் என்ற தாவரவியலாளர். சம்பாதான் வேண்டும் என்றால் அதே நிலையத்தின் எச்டபிள்யூ 1098 இருக்கிறது. 'நீலகிரி கப்ளி' என்பார்கள். சாயாத குட்டை ரகம், துருவையும் தாங்கும்.

அந்த நிலையம் ஏன் நீலகிரியில் இருக்கிறது தெரியுமா? ஆக்ராவில் பணியாற்றிய கே. சி. மேத்தா கண்டறிந்தது இது: வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் துரு வித்துகள் பிழைப்பதில்லை. குளிர்ந்த மலைகளில்தான் அவை ஆண்டு முழுதும் உயிர் வாழ்ந்து, அடுத்த பருவத்தில் சமவெளிக்கு இறங்குகின்றன. வடக்கே இமயம், தெற்கே நீலகிரியும் உங்கள் பழனி மலையும். பிற்பாடு எஸ். நாகராஜனும் அவருடைய சகாக்களும் வானிலைப் படங்களோடு ஒப்பிட்டு, நவம்பர் வாக்கில் வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் இந்தத் தென்மலைகளின் தண்டுத் துரு வித்துகளைத் தூக்கிச் சென்று மத்திய இந்தியாவில் மழையோடு இறக்குவதைக் காட்டினார்கள். 1946-47-இல் மத்திய இந்தியாவின் கோதுமையைத் தண்டுத் துரு அழித்தது. பயிர் போனால் பட்டினி கிடந்த காலம் அது. துரு ஓயாமல் வாழும் இடத்திலேயே ரகங்களைச் சோதித்தால் பலவீனம் உடனே தெரிந்துவிடும்; மலையிலேயே தாங்கும் ரகம் நின்றால் வடக்கே போகும் வித்தும் குறையும். உங்கள் அரை ஏக்கர் சிறியதுதான். ஆனால் அது இருக்கும் இடம் சிறியதன்று.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை:

முதலில், துருப்பிடித்த சில இலைகளைப் பறித்து நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயர், இடம், தேதி எழுதி வெலிங்டன் நிலையத்துக்கு அனுப்புங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரத்தில் அழுகிவிடும். எனக்கு எழுதிய கடிதத்தில் ரகத்தின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. எந்த மரபணுவை எந்த இனம் மீறியது என்று அறிய அது அவசியம்.

இரண்டாவது, கதிர் பால் பிடிக்கும் முன்பே துரு கண்டால் லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி புரோப்பிகோனசோல் 25 ஈசி கலந்து தெளிக்கலாம். வேளாண் அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள். முற்றிய பயிருக்குத் தெளிப்பது வீண் செலவு.

மூன்றாவது, அறுவடைக்குப் பின் உருளைக்கிழங்கு வயலிலும் வரப்பிலும் தானாக முளைக்கும் கோதுமையை விடாமல் பிடுங்குங்கள். அடுத்த பருவம் வரை துரு உயிர் பிழைப்பது அந்தச் செடிகளில்தான்.

நான்காவது, இந்த ரகத்தை மாற்றுங்கள். மீறப்பட்ட ரகத்தைத் தொடர்ந்து போடுவது புதிய துரு இனத்தைச் சோறு போட்டு வளர்ப்பதாகும். மாற்றும்போது அக்கம்பக்கத்தாரோடு பேசி, எல்லோரும் ஒரே ரகத்துக்குத் தாவாமல் இரண்டு மூன்று ரகமாகப் பிரித்துப் போடுங்கள். சொந்த விதை எடுத்து வைக்கும் வழக்கத்தை விட வேண்டாம். கலப்பில்லாமல் இருக்க மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நிலையத்து விதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெரியப்பாவின் சம்பா விதையை விட்டுவிடாதீர்கள். அவர் நிறுத்தினாலும் நீங்கள் ஒரு பாத்தியிலாவது வருடம் தவறாமல் விதைத்து வாருங்கள். ஒரு கைப்பிடி விதையை வெலிங்டனுக்கும் கொடுத்து வையுங்கள். எஸ்ஆர் 2 ஒரு பழைய எம்மரிலிருந்தும், ஒய்ஆர் 15 ஒரு காட்டு எம்மரிலிருந்தும் வந்தவை. நாளை தேவைப்படும் மரபணு எந்த விதையில் இருக்கிறது என்பது முன்கூட்டித் தெரியாது. அழிந்துபோன விதையிலிருந்து அதை எடுக்கவே முடியாது.